முதலில் தனியாகப் பேசட்டும்

ஆசிரியருக்கு,

திருச்சபைப் பூசல்கள் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடப்பது குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, அவன் கேளாவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குத் தெரிவி என்று வேதாகமத்தின் மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரம் படிப்படியாக வழிகாட்டியிருக்க, நாம் அந்த முதல் படியிலேயே கால் வைப்பதில்லை. எங்கள் சபையில் வரவு செலவுத் தகராறால் நான்கு ஆண்டுகள் முகம் பாராதிருந்த இரு மூப்பர்கள், ஒரு மாலை ஆராதனைக்குப் பின் கணக்கேட்டை நடுவில் விரித்துப் பேசினார்கள். இருமுறை பதிவான ஒரே ஒரு ரசீதுதான் பிழை. குற்றச்செயல்கள் சட்டத்தின் முன் செல்லத்தான் வேண்டும். அவற்றை மூடி மறைப்பது சமாதானமாகாது. மற்ற பிணக்குகளில், வழக்குக்கு முன் இருதரப்பும் நேரில் சந்தித்தாக வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு சபையும் தன் சட்டதிட்டத்தில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்