சான்றிதழ் வருவதற்குள் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறது

முன்பள்ளிக் கல்விக்குப் பொறுப்பான அரசுத் துறையினருக்கு,

வணக்கம். மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவள் நான். எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் சாதாரண முன்பள்ளிதான். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் உதவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உதவியே இல்லை என்று குறை சொல்ல வரவில்லை. இருக்கிறது, ஆனால் நேரத்துக்கு வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். மூன்றரை வயது. பாட்டு தொடங்கி எல்லாரும் கைதட்டியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். பேச்சு இரண்டு மூன்று சொல்லைத் தாண்டாது. இவனுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பது முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் அம்மாவுக்கு அதற்கும் முன்பே தெரியும். எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்? மருத்துவர் எழுதித் தரவேண்டும். அவரைப் பார்க்க ஒரு வரிசை, மதிப்பீட்டுக்கு இன்னொரு வரிசை, அப்புறம் மாற்றுத்திறன் சான்றிதழ், அதை வைத்து வகுப்பில் ஓர் உதவியாளர் கேட்டு விண்ணப்பம். எல்லாம் கைக்கு வந்தபோது அவன் முன்பள்ளி முடிய இரண்டு மாதம் பாக்கி. உதவியாளர் கடைசிவரை வரவில்லை.

மருத்துவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். மூன்று வயதில் பேச்சு வராததற்குக் காது கேளாமை காரணமாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், கொஞ்சம் தாமதமாகப் பேசும் பிள்ளையாகவும் இருக்கலாம். அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் பொறுத்துப் பார்ப்பதுதான் நல்ல மருத்துவம். அந்தப் பெயர் கிடைக்கும்வரை உதவியை நிறுத்தி வைத்திருப்பதுதான் தவறு. முன்பள்ளிக் காலமே இரண்டு ஆண்டுதான், அதில் ஒன்றரை ஆண்டைக் காத்திருப்பிலேயே கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்தப் பையனுக்கு நாங்களாக என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கைதட்டுவதற்குப் பதில் எல்லாரையும் தொடையில் மெல்லத் தட்டச் சொன்னோம். சுவரில் அவன் உயரத்துக்கு நான்கு படங்களை வரிசையாக ஒட்டினோம்: பை, பாட்டு, விளையாட்டு, வீடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைப்பான். மூன்று வாரத்தில் மேசைக்கு அடியிலிருந்து மேசை ஓரத்துக்கு வந்தான். இதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகளும் அந்தப் படங்களைத் திருப்ப முறை கேட்டுச் சண்டை போட்டது தனிக் கதை.

நோயின் பெயர் இல்லாமலே தேவையைக் கேட்டறிய முடியும். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பும், மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட கேள்வித் தொகுப்பு ஒன்று உண்டு. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதில் எட்டுப் பகுதிகள்: பார்வை, கேட்டல், நடை, விரல்களின் வேலை, பேச்சுப் பரிமாற்றம், கற்றல், விளையாட்டு, நடத்தை. கணக்கெடுப்புக்காகச் செய்தது அது, நோய் கண்டறிய அல்ல. ஆனாலும் “உங்கள் பிள்ளைக்கு எது சிரமம், எவ்வளவு சிரமம்” என்று தாயிடம் நேராகக் கேட்கும் அந்த முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். போர்ச்சுகல் 2018-இல் கொண்டுவந்த சட்டம் ஊனத்தின் வகையைப் பார்த்து உதவியைப் பிரிக்கும் வழக்கத்தையே கைவிட்டது. பிள்ளைக்கு வகுப்பில் என்ன தேவை என்பதே அங்கே கேள்வி. அது முன்பள்ளிகளுக்கும் பொருந்தும்.

அடுத்து, உதவியாளர் விஷயம். “ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள்” என்று நியமிக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள ஒரு சிறுமியின் பக்கத்தில் ஓர் உதவியாளர் எந்நேரமும் ஒட்டியே உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி, கடமை தவறாதவர். ஆனால் மற்ற பிள்ளைகள் அந்தச் சிறுமியிடம் பந்து கேட்கவேண்டும் என்றால்கூட உதவியாளரைத்தான் கேட்டார்கள். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்துப் பையன் சிறுமியின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். ஆளை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் படித்துவிட்டு நிதியைக் குறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து! அந்த ஆளை வகுப்புக்குக் கொடுங்கள். என்னோடு சேர்ந்து எல்லாரையும் பார்த்துக்கொள்ளட்டும், தேவைப்படும்போது அந்தச் சிறுமியிடம் போகட்டும்.

வாரம் ஒருமுறை வரும் பேச்சுப் பயிற்சியாளர் பிள்ளையை வேறு அறைக்கு அழைத்துப்போய் நாற்பது நிமிடம் கழித்துக் கொண்டுவந்து விடுகிறார். உள்ளே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மிச்ச நாளெல்லாம் பிள்ளை என்னிடம்தானே இருக்கிறது? அதில் பாதி நேரமாவது என் வகுப்பில் உட்கார்ந்து எனக்கும் சொல்லிக் கொடுத்தால் ஐந்து நாளும் பயிற்சி நடக்கும்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசற்படியைச் சரிவாக்குங்கள், கழிப்பறையில் கைப்பிடி வையுங்கள்.

இன்னொன்று, சேர்க்கை. யாரும் “முடியாது” என்று சொல்வதில்லை. “எங்களிடம் வசதி இல்லை, உங்கள் பிள்ளைக்கு வேறு இடம் நல்லது” என்று இதமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு எல்லா நிலைகளிலும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வி வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் முன்பள்ளி கட்டாயம் இல்லை. அதனால் இப்படித் திருப்பி அனுப்பிய பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2021-இல் யுனிசெஃப் மதிப்பிட்டபடி உலகில் சுமார் 24 கோடிப் பிள்ளைகள் ஏதாவதொரு மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முன்பள்ளி வாசல்வரை வந்து திரும்பினார்கள் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? மறுக்கும் பள்ளி காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். எழுதவேண்டும் என்றாலே பாதிப் பேர் சேர்த்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யச் சொல்லவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்: ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து நிரப்பிய ஒரு பக்கத் தாள் கிடைத்ததும் உதவி தொடங்கட்டும். சான்றிதழ் வரும்போது வரட்டும். வந்தபின் உதவியைக் கூட்டுவதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டும் என் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கேட்புத்திறன் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்து நான்கு மாதமாகிறது. அவளை என் மேசைக்கு எதிரிலேயே உட்கார வைத்திருக்கிறேன், என் வாயைப் பார்க்கட்டும் என்று. அவளுக்கான ஒரு பக்கத் தாளை எழுதி வைத்துவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்ப என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை