பின்னால் இருந்த பாட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். குச்சி ஊன்றாமல் வாசல் வரை போய் வருகிறாள். தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் இல்லை. போனில் சொல்ல வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். போனில் நீ ‘நல்லா இருக்கேன்பா’ என்பாய், நான் ‘சரிம்மா’ என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நாம் பேசுவது அவ்வளவுதான்.

உன் வீட்டில் தங்கிய 12 நாளில் ஒரு நாள், நகவெட்டி தேடி உன் அலமாரியைத் திறந்தேன். உன்னைக் கேட்டுவிட்டுத் திறந்திருக்க வேண்டும். முன்வரிசையில் ஆறு பாட்டில்கள். முடிக்கு பயோட்டின் என்ற வைட்டமின், கால்சியம், இரும்பு, அஸ்வகந்தா, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின், எல்லா வைட்டமினும் சேர்ந்த ஒன்று. பின்னால், பஞ்சுப் பொட்டலத்துக்கு மறைவில் ஏழாவது ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படித்து டைரியில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றரை மாதமாக இதைப் பற்றித்தான் படிக்கிறேன். ஏழாவதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் உன் தைராய்டு மாத்திரை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சாப்பிடுகிறாய். விடியற்காலையில் அம்மா உன்னை எழுப்பி வெறும் வயிற்றில் அதைக் கொடுத்துவிட்டு, மறுபடி தூங்க விடுவாள். இப்போது என்ன செய்கிறாய்? அந்தக் குட்டி மாத்திரையோடு கால்சியத்தையும் இரும்பையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கால்சியமும் இரும்பும் குடலிலேயே அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர வேண்டிய அளவு சேராமல் போய்விடும். நடுவில் 4 மணி நேரம் விட வேண்டும். அடுத்தவர் கணக்கில் ஒரு எண் பிசகினாலும் நீ கண்டுபிடித்துவிடுகிறாய் என்று உன் ஆபீஸில் அந்த அம்மாள் என்னிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படிப்பட்ட பெண், தான் விழுங்குவதன் பின்பக்கத்தைப் படிக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது பயோட்டின். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். உன் பாட்டிலில் 10,000 என்று போட்டிருக்கிறது. அதனால் உடம்பு கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. கெடுவது ரத்தப் பரிசோதனை. பல லேப்களில் தைராய்டு டெஸ்டே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி4 உள்ளதைவிட அதிகமாகவும் காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, இல்லை மருந்து கூடிவிட்டது என்று டாக்டர் நினைத்துவிடுவார். 2017-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. மாரடைப்புக்கான டெஸ்டும் இப்படிப் பொய்யாகக் குறைவு காட்டி ஒருவர் இறந்துபோனதாக அதில் சொல்லியிருந்தார்கள்.

போன டெஸ்டுக்கு அப்புறம் டாக்டர் உன் மாத்திரை அளவைக் குறைத்தார் என்று அம்மாவிடம் சொன்னாய் அல்லவா? அன்று பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா? அதிலிருந்துதான் என் கவலை ஆரம்பித்தது. பொய் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தைக் குறைத்திருந்தால், உடம்பு தளரும், முடி இன்னும் கொட்டும், எதிலும் மனசு ஒட்டாது. முடிக்கு ஒரு பாட்டில், களைப்புக்கு ஒரு பாட்டில் என்று நீ சேர்த்துக்கொண்டே போவாய். நான் டாக்டர் இல்லை, என் கணக்கு தப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்கும்போது, இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று டாக்டரிடம் சொல்.

எல்லாவற்றையும் குப்பையில் போடு என்று நான் எழுதுவதாக நினைக்காதே. எனக்குக் கால் மரத்துப்போய் வாசற்படிகூடத் தெரியாமல் நடந்தேனே, பி12 ஊசி போட்ட பிறகுதான் அது சரியானது. ரத்தத்தில் குறைவு என்று பார்த்துக் கொடுத்தார்கள், வேலை செய்தது. இரும்பும் அப்படித்தான், குறைவு இருப்பவருக்கு அது மருந்து. குறைவே இல்லாதபோது, எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டுவதுதான் வேறு கதை. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. எல்லோரும் நல்லது என்று நினைத்த சத்து. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அஸ்வகந்தாவால் தூக்கமும் மன அழுத்தமும் கொஞ்சம் சரியாவதாகச் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. சரி. ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், உன்னைப் போன்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. குர்குமினாலும் அப்படி வந்திருக்கிறது. மஞ்சள் ஆயிற்றே, என்ன செய்துவிடும் என்றுதான் நானும் கேட்டேன். வெறும் மஞ்சளில் இருப்பது உடம்பில் அவ்வளவாகச் சேராது. அதனால் மாத்திரையில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். உடம்பு வெளியே தள்ளப் பார்ப்பதை அது தடுத்து உள்ளே நிறுத்துகிறது. உன் பாட்டிலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. போகும்போது பாட்டில்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

பச்சிலையை நான் தாழ்த்திப் பேசவில்லை. மலேரியாவுக்கு இன்று உலகமே கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டெடுத்த து யூயூ என்ற சீனத்து அம்மையாருக்கு 2015-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சூடுபடுத்தினால் அதன் வீரியம் போய்விடுகிறது என்று பழைய ஏட்டைப் படித்து உணர்ந்து, சூடு காட்டாமல் பிரித்தெடுத்து, முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்த பிறகுதான் அது மருந்தாக ஊருக்கு வந்தது. கடையில் விற்கும் பாட்டிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1994-ல் போட்ட சட்டப்படி, இப்படிப்பட்டவற்றை விற்பதற்கு முன் வேலை செய்கிறது என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியதே இல்லை.

இப்போது ஏழாவது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று போட்டிருந்தது. மஞ்சள் பூ படம். எதற்குச் சாப்பிடுவார்கள் என்று படித்தேன்.

அது ஏமாற்று மருந்து இல்லை. லேசான மனச்சோர்வுக்கு, டாக்டர் கொடுக்கும் மாத்திரை அளவுக்கே கேட்கிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயம். வேலை செய்யும் பொருள் ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்துவிட்டு நிற்காது. மருந்துகளைச் சிதைத்து வெளியே அனுப்பும் வேலையைக் கல்லீரலில் அது முடுக்கிவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை, எல்லாம் வந்த வேகத்தில் வெளியே போய்விடும். மாற்று இதயம் வைத்த இரண்டு பேருக்கு, இதைச் சாப்பிட்டதால் அந்த இதயத்தையே உடம்பு தள்ளப் பார்த்தது. 2000-ல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். மனசுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை ஏதாவது நீ சாப்பிட்டால் அதோடு இது சேரவே கூடாது. நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வந்து ஆபத்தாகிவிடும். அப்பா சொன்னார் என்று சட்டென்று எதையும் நிறுத்தவும் வேண்டாம். ஏழு பாட்டிலையும் டாக்டர் மேஜையில் வை. ஆறை வைத்துவிட்டு ஒன்றைப் பையிலேயே விட்டுவிடாதே.

டாக்டரிடம் சொல், டாக்டரிடம் சொல் என்று இத்தனை தடவை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

அம்மாவின் மூட்டுவலிப் பொடியை அம்மா வாங்கவில்லை. நான் வாங்கினேன். முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். தினமும் நானே ஸ்பூனில் அளந்து கொடுத்தேன். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. நாலைந்து மாதத்தில் முகம் உருண்டையாகி, அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். அது தேறியது இல்லை. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஒன்றரை வருஷம் வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்ததால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. விற்றவர் காணாமல் போய், பொடி தீர்ந்த சில நாளில் அம்மா வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார், பொடி, லேகியம், மூலிகை, ஏதாவது கொடுத்தீர்களா என்று. இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் இல்லை என்றேன். என்னைத் திட்டுவார் என்ற பயம், படித்தவன் இப்படி ஏமாந்தானே என்று நினைப்பார் என்ற வெட்கம். அந்த உருண்டை முகத்தையும், கையில் தொட்ட இடமெல்லாம் கன்றியிருந்ததையும் பார்த்து அவரே ஊகித்து ஊசி போட்டார். போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் விழித்த அம்மா, யாரும் கேட்காமலே, ‘நான்தான் வாங்கிச் சாப்பிட்டேன்’ என்றாள். நீ வந்து அவளை அவ்வளவு திட்டினாய். நான் பக்கத்தில் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அப்புறம் இடுப்பு எலும்பு முறிந்ததும் அந்தப் பொடி எலும்பை அரித்ததனால்தான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டியதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள். இந்தக் கடிதத்தை முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

மறைத்து வைப்பவர்கள் எப்படி மறைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், பாப்பா. பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

12 நாளில் ஒன்பது ராத்திரி, இரண்டு மணிக்கு மேல் உன் அறையில் விளக்கு எரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் போல உன் கதவு வரை வந்தேன். ஒரு தடவை தட்டக் கையைக்கூடத் தூக்கினேன். உள்ளே நீ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். அன்று தட்டியிருக்க வேண்டும்.

என்னம்மா ஆச்சு? எதுவானாலும் நான் கேட்பேன், புத்தி சொல்ல மாட்டேன். எழுத வந்தால் எழுது. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா