நாடோடி மன்னனும் உன் மகளும்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பழைய படம் என்று போனில் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் கடிதம்.

நாடோடி மன்னனை இன்றைக்குப் பார்க்கப் பொறுமை வேண்டும், அது சரி. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தோம். சந்திரபாபு காமெடியில் பாதியை ஓட்டிவிட்டேன். உன் அப்பாவுக்குக் கோபம். அரண்மனை அட்டை மாதிரி இருக்கிறது என்று உன் மகள் சிரித்தாள். கத்திச் சண்டை வந்ததும் அவளிடமிருந்து சத்தத்தையே காணோம். இப்போதைய சண்டைகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரிவதில்லை. எம்.ஜி.ஆர். வாள் சுழற்றினால் தலை முதல் கால் வரை தெரிகிறதே!

எனக்கு இந்தப் படம் என்றால் பானுமதிதான். யாருக்கும் குழையாமல் பேசுவார். எம்.ஜி.ஆரோடு ஒத்துப்போகாமல் அவர் விலகியதால், கதையில் பாதியிலேயே சாகடித்துவிட்டார்கள். அப்புறம் சரோஜாதேவி வந்து, படமும் கலருக்கு மாறுகிறது. "அவங்க இனிமே வரவே மாட்டாங்களா அப்பத்தா?" என்று கேட்டாள் உன் மகள். கலர் வந்து என்ன பிரயோஜனம்!

மன்னனுக்குப் பதிலாக, அவனைப் போலவே இருக்கும் நாடோடி சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுவானே, சின்ன வயதில் நீ கொட்டாவி விட்ட இடம், இந்தத் தடவை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். எம்.ஜி.ஆர். இயக்கிய முதல் படம், சொந்தத் தயாரிப்பு வேறு. ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஜெயித்தது. நம் மதுரையில் விழா எடுத்துத் தங்க வாள் கொடுத்தார்கள். 1977இல் முதலமைச்சர், 1980இல் மதுரை மேற்கிலேயே நின்று ஜெயித்தார். 1958இல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது ராஜா கதை. நமக்கோ அது தேர்தல் அறிக்கை மாதிரி கேட்கிறது. சண்டை, சிரிப்பு எல்லாம் கொஞ்சம் பழசாகிவிட்டன. இந்தக் காட்சிக்கு மட்டும் வயது ஏற ஏற ருசி கூடியிருக்கிறது.

அவளுக்கு அடுத்து எதைப் போடலாம் என்று அப்பா லிஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார். எல்லாம் எம்.ஜி.ஆர். படம். சிவாஜி படம் ஒன்றாவது இல்லாவிட்டால் டிவி ரிமோட் என் கையைவிட்டுப் போகாது என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா