நிம் மொழிக்கு வெப் ஃபிரேம்வொர்க்: அம்பாசமுத்திரத்துச் சேக்காளிக்கு

பாளையங்கோட்டை

அன்புச் சேக்காளிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் பக்கம் பிசான நடவு முடிந்திருக்கும். மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லும்.

அரிசி ஆலையின் நெல் வரவுக் கணக்கை நிம் என்ற புரோகிராமிங் மொழியிலேயே வெப் அப்ளிகேஷனாகச் செய்யப் போவதாக எழுதியிருந்தீர். நல்ல முடிவு வே. ஒரே பைனரியாக (நேராக ஓடும் ஒற்றைக் கோப்பாக) வந்துவிடும், சின்ன சர்வரே தாங்கும். ஆனால் பைதான் என்றால் ஜாங்கோ, பிஹெச்பி என்றால் லாராவெல் என்று ஃபிரேம்வொர்க்கை (வெப் அப்ளிகேஷனுக்கான ஆயத்த அடித்தளத்தை) கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல இங்கே எடுக்க முடியாது. எது உயிரோடு இருக்கிறது, எது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நீரே பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நிம்மின் பேக்கேஜ் கருவியான நிம்பிளில் 'நிம்பிள் ரெஃப்ரெஷ்' கொடுத்துவிட்டு 'நிம்பிள் சர்ச் வெப்' என்று தேடும். வரும் பட்டியல் கிட்ஹப்பில் உள்ள ஒரு ஜேசன் கோப்பு, அவ்வளவுதான். அதில் பெயர் இருப்பதால் பேக்கேஜ் இன்றைக்கு ஓடும் என்று அர்த்தமில்லை. ஸ்டார் எண்ணிக்கையும் உதவாது. ரெப்போ கைவிடப்பட்ட பிறகும் அது குறையாது. குளோன் செய்து, இப்போதைய கம்பைலரில் 'நிம்பிள் டெஸ்ட்' ஓட்டிப் பாரும். அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் கடைசி கமிட் எப்போது என்பதையும் பாரும். பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

2023 ஆகஸ்டில் வந்த நிம் 2.0 தான் எல்லைக்கல். ஓஆர்சி என்ற மெமரி நிர்வாக முறையும், ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டும் திரெட்டும் அதிலிருந்து கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். டேட்டாபேஸ் மாட்யூல்கள் ஸ்டாண்டர்ட் லைப்ரரியை விட்டு வெளியே போய்விட்டன. பழைய டுடோரியலைப் பார்த்து எஸ்கியூலைட் மாட்யூலை நேராக இம்போர்ட் செய்தால் கோப்பே இல்லை என்று கம்பைலர் நின்றுவிடும். டிபி_கனெக்டர் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, அதன் வழியாக இம்போர்ட் செய்யும்.

ஃபிரேம்வொர்க்குகளில் ஜெஸ்டர் எளிது, ரூட் (எந்த முகவரிக்கு எது ஓட வேண்டும் என்பது) எழுதுவது நாலு வரிதான். லினக்ஸில் அது ஹெச்டிடிபிபீஸ்ட் என்ற சர்வர் மேல் ஓடும். விண்டோஸில் ஸ்டாண்டர்ட் லைப்ரரி சர்வருக்கு மாறிவிடும். வீட்டு விண்டோஸில் சரியாக ஓடியதை மட்டும் நம்பி ஏற்றிவிடாதீர். மம்மி என்ற இன்னொன்று, அசிங்க் (காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்குத் தாவும் முறை) இல்லாமல் திரெட்டிலேயே இயங்குவது. எனக்கு அதன் அமைப்பு ரொம்பப் பிடிக்கும். ஆனால் குளோபல் வேரியபிளில் டேபிளையோ டேட்டாபேஸ் இணைப்பையோ வைத்து ஹேண்ட்லருக்குள் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷனுக்குள்) தொட்டால் 'ஜிசி-சேஃப்' (திரெட்டுகளுக்கிடையே பாதுகாப்பானது) இல்லை என்று கம்பைல் ஆகாது. இணைப்புகளைத் திறந்து வைத்துத் திரெட்டுகளுக்குப் பகிர, வாட்டர்பார்க் மாதிரி ஒரு பூல் பேக்கேஜ் வேண்டும். உமக்கு லாகினும் ஃபாரமும் தேவை. செஷன், சிஎஸ்ஆர்எஃப் (போலி ஃபாரத் தாக்குதல்) தடுப்பு, ஸ்டாட்டிக் ஃபைல் எல்லாவற்றுக்கும் மிடில்வேர் கூடவே வருவதால் புரோலாக் (Prologue) ஃபிரேம்வொர்க்கில் தொடங்கும்.

எதை எடுத்தாலும் எடைக் கணக்கு, ஈரக் கழிவு, சாக்கு எடை எல்லாம் தனி மாட்யூலில் இருக்கட்டும். ரூட் ஃபைல் ஃபாரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஃபிரேம்வொர்க்கை எழுதியவர் விட்டுப் போனாலும் ரூட்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும். 'நிம்பிள் லாக்' கொடுத்து வெர்ஷன்களை நிறுத்தி வையும்.

தமிழ்ப் பெயர்கள் வருமிடத்தில் ஒன்றைக் கவனியும். நிம்மில் ஸ்ட்ரிங் என்பது பைட் வரிசை. 'நெல்' என்ற சொல்லுக்கு 'லென்' 12 என்று சொல்லும். ரூனை, அதாவது யூனிகோட் குறியீட்டை, எண்ணும் யூனிகோட் மாட்யூலின் 'ரூன்லென்' 4 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிவதோ 2 எழுத்து. விவசாயி பெயரை 10 பைட்டில் வெட்டினால் நாலாவது ரூனின் நடுவில் வெட்டுப்பட்டு, ரசீதில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வரும். நீளத்தை ரூனில் சரிபாரும், வெட்டவே வேண்டாம்.

சர்வரில் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிற்கட்டும். அதன் இயல்பான அப்லோடு எல்லை 1 எம்பி. எடைச்சீட்டை ஃபோனில் படமெடுத்து ஏற்றினால் 413 (அளவு மீறிவிட்டது) என்ற பிழை வரும், எல்லையை 8 எம்பியாகக் கூட்டும். இன்னொன்று, உபுண்டு 22.04இல் கம்பைல் செய்த பைனரி 20.04 சர்வரில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) வெர்ஷன் இல்லை என்று கிளம்பாமலே போகலாம். சர்வரிலேயே கம்பைல் செய்துவிடும்.

ஆலையில் இப்போது மூடைக்குக் கிழித்துக் கொடுக்கும் சீட்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பும். டேபிள்களை நான் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உம் சேக்காளி