எங்கள் தமிழ்ப் பாடங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் இணையப் பாடங்கள் முப்பதும் இப்போது வேர்டு, இபப் (மின்னூல்), ஒலி, பிரெயில் என்று நான்கு வடிவத்தில் கிடைக்கின்றன. என் ஒருவனால் ஆன காரியம் இல்லை இது.

இரண்டு வருடமாக நான் ஏற்றி வைத்ததெல்லாம் பழைய பாடநூலை ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான். பார்வையில்லாத ஒரு அக்கா வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் அவருடைய என்விடிஏ திரைவாசிப்பானுக்கு அந்தப் பக்கங்கள் வெறும் படம், வாசிக்க அதில் ஒரு எழுத்துகூட இல்லை. சரி, நானே வாசித்து ஒலிப்பதிவாக அனுப்பினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, சத்தம் நல்லா கேக்குது. ஆனா பல்லுக்கு எந்த ல, பள்ளிக்கு எந்த ள, அதை யார் எனக்குச் சொல்றது? எனக்கும் எழுதத் தெரியணும்."

அதன் பிறகு நான் உதவி கேட்டேன், நீங்கள் வந்தீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சகோதரிகள் இருவருக்கு முதல் நன்றி. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் போட்டால் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும், அதை வரிவரியாகத் திருத்தியது நீங்கள்தான். ஃபீனிக்ஸ் ஊர்த் தம்பி, நம் பயிற்சித் தாள்கள் பழைய எழுத்துருவில் இருந்தன, கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, தலைப்புகளைத் திரைவாசிப்பான் கண்டுகொள்ளும் தலைப்புகளாகவும் குறித்துக் கொடுத்தாய். அக்கா இப்போது எச் விசையைத் தட்டியே பாடத்துக்குப் பாடம் தாவுகிறார். அதே கோப்பிலிருந்து வந்த இபப்பில், சர்க்கரை நோயால் பார்வை மங்கிய ஒரு தாத்தா எழுத்தைக் கட்டைவிரல் அளவு பெரிதாக்கிப் படிக்கிறார், வரிகள் திரைக்கு வெளியே ஓடுவதில்லை.

படங்களுக்கு விளக்கம் எழுதிய டீச்சரம்மாவை மறக்கவே மாட்டேன். "இது என்ன?" என்று கேட்கும் படத்துக்கு நான் "ஆடு" என்று எழுதியிருந்தேன், விடையே அதுதானே! நீங்கள் அதை "இரண்டு கொம்பு, சின்னத் தாடி, புல் மேய்கிறது" என்று மாற்றினீர்கள்.

அப்புறம் பிரெயில். அச்சில் 'கொ' எழுத ஒரு கொம்பு முன்னால், ஒரு கால் பின்னால் வருகிறது. தமிழ்ப் பிரெயிலில் க, அதற்கடுத்து ஒ, அவ்வளவுதான். இதை எனக்கே கற்றுக்கொடுத்த அண்ணனுக்கும், சொந்தச் செலவில் 30 பாடங்களையும் புடைப்பெழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தவருக்கும் கைகூப்புகிறேன்.

பார்வையற்றோருக்கான பிளைண்ட் எஸ்ஏ அமைப்புக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். இந்நாட்டின் 1978-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பார்வையற்றோருக்கு விதிவிலக்கே இல்லை, பிரெயிலாக மாற்றவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்ற நிலை. அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனதால்தான், அந்த அனுமதி இல்லாமலே மாற்றலாம் என்ற 21 செப்டம்பர் 2022 தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் பழைய பாடநூலைத் தொடவே நான் தயங்கியிருப்பேன்.

ஒலிப்பாடங்களை ஒற்றைத் தடத்தில் (மோனோ), நொடிக்கு 64 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய தங்கச்சி, பத்து நிமிடப் பாடம் இப்போது 5 எம்பிக்குள் அடங்குகிறது. டேட்டா விற்கிற விலையில் அது எவ்வளவு பெரிய உதவி என்று வகுப்புப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

போன சனிக்கிழமை அக்கா தானே தட்டச்சு செய்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "பள்ளிக்கு வரும்போது பல் வலி, தம்பி" என்று. இரண்டும் சரியாக இருந்தன.