குவாங் ராயா கூட்டி வைத்த இடம் காலி மனை அல்ல

மாநில வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். முகட்டுப் பாதையில் எழும்பிவரும் ஓய்வுக் குடிலைப் பற்றித்தான் இம்மடல். "இடம் ஏற்கெனவே வெட்டவெளியாக இருந்தது, ஒரு மரமும் வெட்டவில்லை" என்று குத்தகையாளர் சொன்னதை நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். அந்த இடத்தைத் துப்புரவாக்கியது மனிதர்கள் அல்ல, ஐயா. அது குவாங் ராயா சேவலின் ஆடுகளம். குவாங் ராயா (Great Argus) என்பது மயிலுக்கு உறவான, நம் மலேசியக் காடுகளில் வாழும் பெரிய பறவை.

மழைக்காட்டில் சருகு விழாத நாள் கிடையாது. அங்கே நாலைந்து மீட்டர் அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தால், யாரோ அன்றாடம் கூட்டுகிறார்கள் என்றுதானே பொருள்? சேவல் குச்சியையும் சருகையும் அலகால் கவ்வி ஓரத்தில் போடும். மிச்சத்தை இறக்கையால் விசிறித் தள்ளும். முளைக்கும் செடிகளின் இலையைக் கொத்திப் பிய்க்கும். விடியலில் அங்கிருந்து 'கு-வாவ்' என்று கூவினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தேடி வரும் பேட்டின் முன், கண் கண்ணாகப் புள்ளி வைத்த சிறகுகளை வட்டமாக விரித்து ஆடத்தான் இத்தனை உழைப்பும். முகட்டில் சமதரையும் வேண்டும், புதர் அடையாத பெருமரக் காடும் வேண்டும். மரம் வெட்டிய காட்டில் வெயில் இறங்கிப் புதர் மண்டிவிடுகிறது. ஆகவே "வேறு இடம் பார்த்துக்கொள்ளும்" என்ற பதிலை எங்களால் ஏற்க முடியாது.

வேலைக்கு முன் ஆய்வு நடந்தது என்கிறீர்கள். இறகு உதிரும் பருவத்தில் சேவல் களத்தைக் கூட்டாது, கூவலும் அடங்கிவிடும். அப்போது போனால் 'பறவை இல்லை' என்றுதான் பதிவாகும்.

குடிலை இடம் மாற்றுங்கள். இனி எந்த முகட்டில் பாதை போட்டாலும், கூவும் பருவத்தில் ஐந்து விடியலாவது காதுகொடுத்துக் கேட்டு, களங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து, 200 மீட்டராவது தள்ளிப் போடுங்கள்.

பாதை போனால் பின்னாலேயே கண்ணியும் போகும். சேவல் களத்துக்கு நடந்தே வருவதால், தாழ்வாகக் குச்சி வேலி கட்டி, விட்ட இடைவெளியில் கம்பிச் சுருக்கு வைத்தால் போதும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைத் தடைசெய்து எத்தனை ஆண்டாயிற்று! அது வேறு துறையின் வேலை என்று தட்டிக்கழிக்காதீர்கள். பாதையைத் திறந்தது நீங்கள். கண்ணியில் போன பறவையை எளிதில் ஈடுகட்ட முடியாது: பேடு ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டையிட்டுத் தனியாக அடைகாக்கிறது. சேவலுக்கு முழு இறகு வளரவே சில ஆண்டுகள் ஆகும்.

கோபத்தில் சற்றுக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உடனடியாகக் கேட்பது ஒன்றுதான்: குடிலை மாற்றுங்கள். இன்னும் கான்கிரீட் ஊற்றவில்லை, நான்கு மரத்தூண்கள்தான் நிற்கின்றன. தயவுசெய்து இந்த வாரமே பிடுங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காட்டுப் பறவைகளைக் கவனித்துவரும் மலேசியத் தமிழர்கள் சிலர்