வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடும் ஆத்தங்குடிக் கல்லும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, தாத்தா பாட்டிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் ஆண்டுவிழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இங்கிலீஷில் பேச மேடை ஏறியதும், நாலாவது வரியில் ஒரு வார்த்தை மறந்துபோய் அப்படியே நின்றதும் நீங்கள் பார்த்ததுதான். கீழே யாரோ சிரித்தார்கள், பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பேச்சை எழுதியது அந்தப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். ட்யூஷனில் யாரோ எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் அது, அதில் பாதி வார்த்தைக்கு அர்த்தமும் அதற்குத் தெரியாது. அர்த்தம் தெரியாத வாக்கியத்தில் ஒரு வார்த்தை நழுவினால் பிடித்துக்கொள்ள வேறு கிளை கிடையாது, நின்றுதான் போக வேண்டும். இதில் பள்ளிக்கூடத்தின் பங்குதான் பெரிது, மனப்பாடப் பேச்சுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

நான் கல்லூரியில் படிக்கும்போது எனக்கும் இதே நடந்தது. ஒரு போட்டியில் மனப்பாடம் பண்ணியதை மறந்து நின்றேன், நடுவர் மைக்கைப் பிடித்து 'ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு வா' என்றார். அதற்கப்புறம் ஏழு வருஷம் நாலு பேர் முன்னால் நான் இங்கிலீஷ் பேசவில்லை. நம் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்த ஏழு வருஷம் வரக்கூடாது.

அதனால் இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பீரியட், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, இங்கிலீஷ் பேச்சு வகுப்பு. எழுதிக் கொடுத்த பேச்சு இனி நம் பள்ளியில் கிடையாது. பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தை, அதுவே யோசித்து, கையில் மூன்று நாலு வார்த்தை மட்டும் எழுதிய சின்னச் சீட்டோடு பேச வேண்டும், அவ்வளவுதான் விதி. என்ன சொல்லப்போகிறோம் என்பதை முதலில் தமிழிலேயே பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். 'இங்கிலீஷ் வகுப்பில் தமிழா?' என்று சிலர் கேட்டீர்கள். விஷயத்தைக் கோர்ப்பது, மொழியைத் தேடுவது, கூச்சத்தை அடக்குவது என்று மூன்று பாரத்தையும் ஒரே நேரத்தில் பிள்ளை தலையில் ஏற்றினால் எதையும் அது தூக்காது. முதல் பாரத்தைத் தமிழில் இறக்கி வைத்துவிட்டால் மற்றதற்குத் தெம்பு இருக்கும்.

போன வெள்ளி ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் ஆத்தங்குடிக் கல், அதாவது தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட சிமெண்டுக் கல், செய்கிறார்கள், வகுப்பில் இதுவரை வாயே திறந்ததில்லை. அவன் சீட்டில் கிளாஸ், கலர், சேண்ட், வாட்டர், சன் என்று ஐந்து வார்த்தை. எழுந்து நின்று, 'ஃபர்ஸ்ட் வி டேக் கிளாஸ். வெரி கிளீன் கிளாஸ்' என்றான், நிறுத்தினான். அப்புறம் இல்லாத கண்ணாடியை மேசைமேல் வைத்து, அதன்மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, கலர் சிமெண்டை ஒவ்வொரு பூவிலும் ஊற்றுகிற மாதிரி கையைச் சாய்த்துக் காட்டினான். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கக்கூடாது என்பதை 'நோ ஷேக்! நோ ஷேக்!' என்று சொன்னபோது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து முடித்தான். ஒரு பெண் எழுந்து, பாலிஷ் போடாமல் எப்படி மின்னுகிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். 'ஷைன் கம்ஸ் ஃப்ரம் தி கிளாஸ்' என்றான், யோசிக்கவே இல்லை. இலக்கணத் தப்பு எத்தனை இருந்தது என்று நான் எண்ணவில்லை. ஒரு தப்பும் இல்லாத மனப்பாடப் பேச்சுகளை இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன், ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஒரே பேச்சை ஒருமுறை பேசி விட்டுவிடவும் மாட்டோம். முதலில் ஒரு தோழனிடம் நாலு நிமிஷம், பிறகு வேறொருவரிடம் அதையே மூன்று நிமிஷத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டே நிமிஷத்தில். இரண்டாம் மொழி கற்பிக்கிற ஆசிரியர்கள் பல நாடுகளில் ரொம்ப காலமாகச் செய்துவருகிற பயிற்சி இது. கேட்கிறவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள் என்பதால் பிள்ளைக்கு அலுப்பு தட்டாது, விஷயம் பழகிவிட்டதால் வார்த்தை தானாக வேகமாக வரும். சின்ன வகுப்புகளுக்கு இரண்டு நிமிஷத்தில் தொடங்கிக் குறைப்போம். நாலு பேர் கொண்ட வட்டம், அதற்கப்புறம் வகுப்பு, கடைசியில்தான் மைக்.

உச்சரிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதிகம் கவலைப்படுவது அதற்குத்தான். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து 'படம்' என்பதில் ஒரு மாதிரியும் 'கம்பம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது, எங்கே எப்படி என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. இங்கிலீஷில் அந்த இரண்டும் தனித்தனி எழுத்து, மாறினால் அர்த்தமே மாறும். பேனாவைச் சொல்கிற 'பென்', ஆள் பெயரான 'பென்' இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலப் படும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்கிறோம்: பேனாவுக்குக் காகிதம் படபடக்க வேண்டும், ஆள் பெயருக்கு அசையக்கூடாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே போய்விடுகிறது. அப்புறம் அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்த வேண்டும், ஃபோட்டோகிராஃபர் என்றால் அது இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகியவர்கள், அதனால் வெளியூர்க்காரருக்கு நாம் பேசுவது சில நேரம் பிடிபடுவதில்லை. இவ்வளவு சரி பண்ணினால் போதும். வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டும் என்று நான் யாரையும் கேட்கமாட்டேன்.

தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் மேடை எட்டாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். 1869-இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், இங்கிலீஷ் பேச்சுக்காக 'வெள்ளி நாக்கு' என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்தார்கள். நம் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பிற்பாடு இந்த சாஸ்திரியே துணைவேந்தராகவும் இருந்தார்.

பேச்சு நமக்குப் புதுசும் இல்லை. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து பங்குனியில் கம்பன் விழா கேட்டு வளர்ந்த ஊர், குன்றக்குடி அடிகளார் பேச்சைக் கேட்ட காதுகள் இன்னும் பல வீட்டில் இருக்கின்றன. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்பதை உங்கள் வீட்டு ஐயாவும் அப்பத்தாவும் சொல்லித் தரலாம், அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். நாங்களும் பேசி முடித்தபிறகுதான் சொல்கிறோம், அதுவும் ஒரு நேரத்துக்கு இரண்டு தப்புக்கு மேல் சொல்வதில்லை. பிள்ளை தடுமாறினால் 'ம், அப்புறம்?' என்று தமிழிலேயே கேளுங்கள். அண்ணன் அக்கா யாராவது சிரித்தால் தயவுசெய்து அதட்டுங்கள். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற வீடுகளில் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷம் பேசி அனுப்பச் சொல்லலாம். பேச்சுப் புத்தகம் வாங்காதீர்கள், யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள்.

இந்த மாதக் கடைசி வெள்ளி மூன்று மணிக்குப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க எல்லோரும் பள்ளிக்கு வாருங்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத்தான் முன்வரிசை. கையையும் முகத்தையும் குரலையும் வைத்து உங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கேள்வியைத் தமிழில் கேளுங்கள், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு உங்களுக்குத் தமிழிலும் சொல்வார்கள். போன மாதம் மேடையிலிருந்து இறங்கிய பிள்ளையும் அன்று பேசுகிறது. அதன் அம்மாச்சி கவுனி அரிசியில், அதாவது கறுப்பரிசியில், இனிப்பு கிண்டுவதைப் பற்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்